எல்லோரும் நின்ற படம்

நேற்று மகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததுமே அந்த வாசனையில் நான் குஷாய்குடாவுக்குப் போய்விட்டேன். ஊசி மகளுக்கு, கண் கலங்கியது எனக்கு!

எல்லோரும் கம்ப்யூட்டரை நம்பி ஹைதராபாத்துக்கு வந்த காலம் அது. நான் திருநெல்வேலியில் பிசியோதெரபி படித்துவிட்டு, ஹைதராபாத் குஷாய்குடாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். தெலுங்கு தெரியாது, தெரிந்ததுபோல் தலையாட்ட மட்டும் நன்றாகத் தெரியும். துணைக்கு வாய்த்தவர் வார்டு சிஸ்டர் விஜயாக்கா. தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம்.

திடீரென்று நிர்வாகம் ஒரு பரிசை அறிவித்தது. மாதத்தின் சிறந்த ஊழியருடைய பெரிய படம் லிஃப்ட் பக்கத்தில் தொங்குமாம். அடேயப்பா, அன்றைக்கே ஆஸ்பத்திரி மாறிவிட்டது! சிரிக்காதவர்களெல்லாம் சிரித்தார்கள். நோயாளி தண்ணீர் கேட்டால் நாலாபக்கத்திலிருந்தும் ஓடினோம். ஆனால் சேர்ந்து டீ குடிக்கப் போவது நின்றுபோனது. யாரும் யாருக்கும் கைகொடுக்கவில்லை.

அப்போது எங்கள் வார்டில் ராமுலு என்றொருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஃபிட்டர், பக்கவாதம். அவரைத் தனியாக நடக்கவைத்துப் பெயர் வாங்க நான் மல்லுக்கட்டினேன். அவர் அசையவில்லை. விஜயாக்கா பார்த்துவிட்டார்.

"ஒத்தை ஆளா இழுக்குறே? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?"

அன்றிலிருந்து ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. ஆயா சாந்தம்மா எதிரே நின்று குழந்தையை அழைப்பதுபோல் கைநீட்டுவார். ஒருநாள் காலையில் ராமுலு எங்கள் கைகளை விட்டுவிட்டு ஜன்னல்வரை போய்விட்டார்!

"நடிச்சானம்மா! நடிச்சானு!" என்று கத்தினார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அக்கா, இத்தனை நாளும் நடிச்சாராமா? யாரை ஏமாத்துதாரு?"

"அடி பைத்தியமே, தெலுங்குல நடந்துட்டேன்னு சொல்றாரு!"

வார்டே கைதட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் தட்டைத் தட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்த மாதப் பரிசு விஜயாக்காவுக்கு. மேனேஜர் கேமராவோடு வந்தார்.

"தனியா நக்கோ சார்," என்று அந்த ஊர் உருதுவில் மறுத்தார் அக்கா. "எல்லாரும் நிக்கிறோம். இல்லேன்னா படமே வேணாம்."

மேனேஜர் விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். ராமுலுவை நடுவில் நிறுத்தி, சாந்தம்மா முந்தானையைச் சரிசெய்ய, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு வேலைக்குப் போவது திருவிழாவுக்குப் போவதுபோல் இருந்தது. மறுநாளும்தான்.

இப்போது அந்தக் கட்டடத்தில் துணிக்கடை. விஜயாக்கா எங்கே என்று தெரியவில்லை. பிறகு வேலை பார்த்த இடங்களில் எனக்கும் பரிசுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் என் பெயர் மட்டுமே இருந்தது.