மிஸ் ஒடெஸ்ஸா வாசலை விட்டு நகர மாட்டார்

எங்கள் மெம்ஃபிஸ் தெருவுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தபால் கொண்டுவருபவர் மிஸ் ஒடெஸ்ஸா கிரட்சர். பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் அவர் வேலை முடிந்தது. போனால்தானே! மார்ச் பிறந்தால் போதும், பள்ளியில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் வீட்டு வாசலில் பையை இறக்கிவைத்து நின்றுவிடுவார். "பிரி. நான் பிரிக்கக் கூடாது, சட்டம். ஆனா நிக்கலாம்." நாய் குரைத்தாலும் நிற்பார், மழை பெய்தாலும் நிற்பார். எரிச்சலாக வரும்.

எங்கள் கறுப்பர் தெருவில் அச்சடித்த உறைகளை யாரும் பிரிப்பதில்லை. கோர்ட், மின்சாரக் கம்பெனி, ஆஸ்பத்திரி. வேறு யார் எங்களுக்கு எழுதுகிறார்கள்? வந்த கையோடு அடுப்படி டிராயருக்குள் போய்விடும். நிறைந்தால் அழுத்தி மூடுவோம். நானும் அப்படித்தான். எட்டாவதோடு படிப்பை விட்டு டயர் கடைக்குப் போனவன். வக்கீல் பாஷை படிக்க எனக்குப் பொறுமை கிடையாது.

போன ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, நான் சாப்பிட உட்காரும்போது கதவை இடித்தார்.

"ஹாலிஸ், போன வாரம் நீ வீட்ல இல்லாதப்ப தடியா ஒரு உறை போட்டேனே, எங்க?"

"என் பேருக்கு வந்துச்சு. ஏதோ வழக்கு. உங்களுக்கென்ன?"

"நாஷ்வில் காலேஜ் முத்திரை இருந்துச்சு. எந்தக் காலேஜ்யா உன் மேல வழக்குப் போடுது? நீ அங்க படிச்சுக் கிழிச்சியா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் டெலீஸா நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்ட காலேஜ் அது. தன் பெயருக்கு ஒன்றும் வரவில்லை, கழித்துவிட்டார்கள் என்று மூன்று நாள் அழுதாள். அழுதது போதும், கிடங்கு வேலைக்கு எழுதிக் கொடு என்று சொன்னவன் நான்.

டிராயரை இழுத்தேன். வரவில்லை. ஆத்திரத்தில் இழுத்த இழுப்பில் மொத்தமாகக் கழன்று தரையில் கொட்டியது. உறையின் மேல் என் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் 'டெலீஸாவின் தந்தைக்கு' என்று இருந்தது.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன், மிஸ் ஒடெஸ்ஸா."

"கண்ணு இருக்குல்ல? படி."

வாசலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். இடம் தயார், கட்டணம் முழுதும் தள்ளுபடி, தகப்பன் கையெழுத்து வெள்ளிக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

"வெள்ளியா? நாளன்னிக்கா?"

"இன்னைக்கு என் பையில ஏறினா போய்ச் சேரும். போடு கையெழுத்தை."

"எதுக்குத்தான் இப்படி எங்க உசிரை வாங்கறீங்க?"

"எனக்கும் பதினேழு வயசுல ஒண்ணு வந்துச்சு. எங்கப்பா டிராயர்ல போட்டாரு. ஜூலைல பேட்டரி தேடறப்ப கெடச்சுது. கெடு ஏப்ரல்லயே முடிஞ்சாச்சு. அப்புறம் தபால் பரீட்சை எழுதினேன். போதுமா?"

அவர் பையின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"தேதி யாரு போடுவா, மேயரா?"

அதையும் போட்டேன். ஸ்டாம்ப் இல்லை என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்டில் டெலீஸா நாஷ்வில் போனாள். டிராயரை நான் திரும்ப மாட்டவே இல்லை. அடுப்படியில் அந்த இடம் சதுரமாக ஓட்டை விழுந்து கிடக்கிறது. நேற்றும் மிஸ் ஒடெஸ்ஸா வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அந்த ஓட்டைக்குள்ள எதையும் திணிக்கலையே?"