வக்கீல் வேண்டாம் என்றவர்

பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். ஏழு வருட மணவாழ்க்கையில் கடைசி இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொண்டது கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வேன், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதைப் பற்றி மட்டும்தான். அவர் கத்துவார், தட்டை வீசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சரி, நீ சொல்றதும் கரெக்ட்தான்" என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குப் பிறகு நல்லவராகிவிட்டார். ஒரகடத்தில் வேலை முடிந்து கம்பெனி பஸ் என்னைச் சேரப்பணஞ்சேரியில் இறக்கிவிடும்போது பைக்கோடு காத்திருந்தார். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அதுவரை ஒரு நாளும் சீப்பைத் தொடாதவர், அவளுக்குத் தலை வாரிவிட்டார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வக்கீல்லாம் இன்னாத்துக்கு? ரெண்டு பேரும் ஒத்துகினு போனா ஜட்ஜ் பெருசா எதுவும் கேக்க மாட்டாரு. வக்கீல் வந்தா உன்ன ஒண்ணு சொல்லச் சொல்வான், என்ன ஒண்ணு சொல்லச் சொல்வான். அசிங்கமாப் பூடும். டைப் அடிக்கிறவர் ஒருத்தரத் தெரியும், பேப்பர நானே ரெடி பண்றேன்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் என் பக்கத்தில் நிற்கும் அக்காவும் வக்கீல் இல்லாமல்தான் விவாகரத்து வாங்கியவர். அவரிடம் கேட்டேன்.

"நாங்களே மனு குடுத்தோம். கூப்ட்டாங்க, போனோம், கேட்டதுக்கு பதில் சொன்னோம். முடிஞ்சிது," என்றார். பிறகு கையிலிருந்த பார்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா எனக்குப் புள்ள இல்லியே. உனக்குக் கீதே," என்றார்.

அந்த வாரமே மகள் சொன்னாள். "அம்மா, அத்த வூட்டுகிட்ட ஸ்கூல் கீதுல்ல, அங்க யூனிஃபார்ம் பச்சக் கலரு."

அத்தை என்றால் அவருடைய அக்கா. மணிமங்கலத்தில் இருந்தார். "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"அத்ததான். அளவுகூட எடுத்தாங்க. உங்கிட்ட சொல்ல வேணான்னாங்க."

அவரிடம் கேட்டபோது சிரித்தார். "லீவுக்குப் பாவாட தைக்கிறா. எல்லாத்தையும் தப்பாவே பாக்காத."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனோம். கடைசியாக ஒரு தடவை சேர்ந்து கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அவர்தான் அழைத்தார். வெளியே வந்ததும் பைக் சீட்டின்மேல் பேப்பர்களை விரித்தார். எல்லாம் ஆங்கிலம். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பேனாவைத் திறந்தே நீட்டினார்.

"நாளைக்கே குடுத்துடலாம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

லைனில் ஒரு செக் ஷீட்டைக்கூடப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. "படிச்சிட்டுத் தரேன்," என்றேன்.

"படிக்க இன்னா கீது? நாம பேசினதுதான்."

"இருக்கட்டும். படிச்சிட்டுத் தரேன்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் மட்டும், "அப்பா, வலிக்குது," என்றாள். நான் பேப்பர்களை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, லீவு சொல்லிவிட்டுக் கோர்ட் வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். என் வயதுள்ள ஒரு பெண் வக்கீல், "பொம்பளைங்களுக்கு இங்க வருமானம்லாம் பாக்க மாட்டோம், உக்காருங்க," என்று சொல்லிப் பேப்பரை வாங்கினார். நடந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வக்கீல் இல்லாம நீங்களே கேஸ் நடத்தலாம். சட்டம் தடுக்கல," என்றார். "ஆனா இத எழுதினது டைப் அடிக்கிறவர் இல்ல, ஒரு வக்கீல். அவருக்கு வக்கீல் இருக்காரு. உங்களுக்குத்தான் இல்ல."

பிறகு தமிழில் சொன்னார். குழந்தை நிரந்தரமாக அப்பாவிடம் இருக்கும். அவர் சம்மதித்தால் மட்டும் அம்மா வந்து பார்க்கலாம். ஷிஃப்ட் வேலையில் இருப்பதால் குழந்தையை வளர்க்க முடியவில்லை என்று அம்மாவே ஒப்புக்கொள்கிறார்.

"இது நீங்க சொன்னதா?"

சொன்னதுதான். ஒரு வாரம் முழுக்க ஓ.டி. பார்த்துவிட்டு வந்த நாளில், என்னால முடியல, இவள எப்படி வளக்கப்போறேனோ என்று வீட்டில் என் கணவர்முன் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அன்று அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கையெழுத்து போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்புறம் ஜட்ஜ் கேக்கும்போது மாத்திச் சொல்லலாம். ஆனா அதுக்குள்ள கொழந்த எங்க இருந்திருக்கும்?"

அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். "காலைல அவங்க அப்பா வந்து டி.சி. கேட்டாரு மேடம். அம்மாவும் வந்து கையெழுத்து போடணும்னு சொல்லி அனுப்பிட்டோம்," என்றார்கள். நான் ஓடிய ஓட்டத்தில் துப்பட்டா ஆட்டோ கம்பியில் மாட்டிக் கிழிந்தது. மகள் வகுப்பில்தான் இருந்தாள். பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு படப்பையில் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பவில்லை.

அந்த வக்கீலே எனக்காக வாதாடினார். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. என் கணவர் சொன்ன அசிங்கமும் நடந்தது. என் வேலையையும் நடத்தையையும் பற்றி என்னென்னவோ கேட்டார்கள். நின்று பதில் சொன்னேன். கடைசியில் விவாகரத்து கிடைத்தது, மகளும் என்னிடமே இருக்கிறாள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் படிக்கட்டில் அவர் என் அருகே வந்து, மெதுவாக, "அன்னிக்கே கையெழுத்து போட்டிருக்கலாம் நீ," என்றார். குரலில் கோபமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அழைத்துப் போகிறார். ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விடவேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. இதுவரை ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை. ஆனாலும் நாலரை மணிக்கெல்லாம் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன்.