ப்ரூடன் ஹாலின் குழாய்ச் சத்தம்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. தேதியும் நேரமும் கிளியோ என்கிற கிளியோஃபஸ் பேட்ஸ் கைப்பட எழுதிய வேலைச் சீட்டில் இருக்கின்றன. கூட இருந்த வெர்லீன் இன்றுவரை அந்தக் கட்டடத்துப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை.

அமெரிக்காவின் தெற்கில் ஒரு கல்லூரி. ஊர் பெயர் வேண்டாம். கிளியோ அங்கே பராமரிப்புப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். கறுப்பர். அறுபத்தொன்பது வயது. குழாய், பூட்டு, பெயர்ப்பலகை எல்லாம் அவர் கைதான். மாதம் ஒருமுறை ப்ரூடன் ஹால் என்ற கட்டடத்தின் நெற்றியில் இருந்த பத்து வெண்கல ஆங்கில எழுத்துகளைத் துடைத்துப் பளபளவென்று வைப்பதும் அவர்தான்.

அந்தப் பெயர் கவர்னர் வின்டன் ப்ரூடனுடையது. 1963 ஜூனில், 'எங்களையும் இங்கே படிக்க விடு' என்று கல்லூரி வாசலில் நின்ற கறுப்புப் பிள்ளைகளை லாரியில் அள்ளிப்போகச் சொன்னவர். லாரியில் ஏறியவர்கள் பன்னிரண்டு பேர். திரும்பியவர்கள் பதினொரு பேர். வராதவன் கிளியோவின் அண்ணன் எஸெல். "எங்கேயாவது ஓடியிருப்பான்" என்றார் கவர்னர். அடுத்த வருடம் புதுக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்தப் பெயரைத்தான் கிளியோ துடைத்தார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏணியிலிருந்து இறங்கியதும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுவார்.

எஸெல் போன சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சமையலறை மேசையில், புள்ளிக் காய்களைப் பொருத்தி வைக்கும் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையில் மிச்சம் ஒரே காய். வைக்க இடமில்லை. அந்த ஊர் ஆட்டத்தில், வைக்க முடியாதவன் மேசையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். 'என்னால முடியல, நீ ஆடு' என்று அர்த்தம். எஸெல் தட்டினான். அதற்குள் வாசலில் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். கைக் காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"உன் முறைடா. யோசிச்சு வை. வந்து பாக்கறேன். கலைச்சே, கொன்னுடுவேன்."

கிளியோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா அந்த மேசையை ஒரு மாதம் கலைக்கவே விடவில்லை. பிறகு காய்களை எண்ணிப் பெட்டியில் வைத்தபோது, இரண்டு பாதியிலும் ஆறு புள்ளி உள்ள காய் குறைந்தது. ரெட்டை ஆறு. "அவன் எங்கே கிடக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்தாள். கிளியோவுக்கும் அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

2020 ஜூலை. பெயரை எடுத்துவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. சத்தமில்லாமல், ஞாயிறு காலை, ஊர் இன்னும் எழுந்திருக்காத நேரத்தில். பத்தொன்பதாம் தேதி. காலை 6:40.

கூட வேலை பார்க்கும் வெர்லீன், ஆளை மேலே ஏற்றும் தூக்கி வண்டியை வாசல் மேடையருகே நிறுத்தினாள். ஐம்பது வயது. வாய் கொஞ்சம் நீளம்.

"இத்தன வருஷம் அந்தாளு பல்ல வெளக்கி விட்டீங்கண்ணே. இன்னிக்கு ஒவ்வொண்ணாப் புடுங்குங்க."

"வண்டிய ஆடாம புடி. அது போதும்."

6:52. மேலே ஏறிய கிளியோ மரச்சுத்தியலால் தட்டி, ஆப்பு வைத்து நெம்பினார். முதல் எழுத்து கையோடு வந்தது. பின்னால் கல் வெளுத்திருந்தது. வெண்கலம் போயும் எழுத்து போகவில்லை.

டொக்... டொக்.

கீழிருந்து வந்தது. மேடைக்கு அடியிலிருந்து.

"என்னண்ணே அது?"

"குழாய். நீராவிக் குழாய். இந்தக் கட்டடத்துல எப்பவும் இருக்கறதுதான். எத்தன புகார் வந்திருக்கு."

இரண்டாவது எழுத்து வந்தது. 6:58.

டொக்... டொக்.

"அண்ணே."

"ம்."

"குளிருக்குக் கட்டடத்த சூடாக்கத்தானே நீராவி? ஜூலைல ஏது? மே மாசமே கொதிகலன அணைச்சாச்சே."

கிளியோவின் கை சுத்தியலோடு அப்படியே நின்றது. அணைத்தவரே அவர்தான்.

வெர்லீன் வண்டியின் எந்திரத்தை நிறுத்தினாள். காற்று இல்லை. பெக்கன் மரத்தில் ஒரு குருவி கூட இல்லை. மூன்றாவது எழுத்தை எடுத்தார்...

டொக்... டொக்.

நான்காவது. ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் அதே இரண்டு தட்டு. அவசரமில்லாத தட்டு. கோபமும் இல்லை. காத்திருக்கிறவர் தட்டுவது போல.

7:31. பத்தாவது எழுத்து. கடைசி.

டொக்... டொக்.

"எறக்கு என்னை" என்றார் கிளியோ.

"வேணாண்ணே, போயிடலாம். கும்பிட்டுக் கேக்கறேன்."

"எறக்குடி!"

இறங்கினார். வாசல் மேடையில் முட்டி போட்டார். சிமெண்டில் உள்ளங்கையை வைத்தார். ஜூலை வெயிலில் அது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

டொக்... டொக்.

உள்ளங்கைக்கு நேர் கீழே.

'என்னால முடியல. நீ ஆடு.'

ஐம்பத்தேழு வருடமாக அது கிளியோவின் முறை.

அவரிடம் காய் இல்லை. கடைசி எழுத்துதான் கையில் இருந்தது. அதை ஓங்கித் தரையில் வைத்தார். மேசையில் காய் வைப்பது போல.

பட்!

அமைதி...

7:33.

பிறகு கீழிருந்து, ஒரே ஒரு முறை...

பட்!

தட்டு இல்லை அது. காய் வைத்த சத்தம்.

அதற்கப்புறம் எதுவும் இல்லை. கிளியோ அங்கேயே குப்புற விழுந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் போல அழுதார். வெர்லீன் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

செப்டம்பரில் சக்கர நாற்காலிகளுக்குச் சாய்தளம் கட்ட அந்த மேடையை உடைத்தார்கள். கான்கிரீட்டுக்கு அடியில் ஒரு ஆள் கிடந்தான். 1963 கோடையில் ஊற்றிய கான்கிரீட். சட்டைப் பை மக்கிப் போயிருந்தது. அதற்குள் இருந்தது மக்கவில்லை.

ரெட்டை ஆறு.

எஸெலை அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். பாதிரியார் பேசினார், ஊர் பாடியது. கிளியோவின் மனதில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அலுவலகத்துக்குப் போய், கட்டடத்தின் பழைய வரைபடத்தை விரித்தார். நீராவிக் குழாய் பின்பக்கச் சுவரோடு நின்றுவிடுகிறது. வாசல் பக்கம் ஒரு குழாயும் போனதே இல்லை.

அப்புறம் பழைய புகார்ச் சீட்டுகளை எடுத்தார். ஒரு பெட்டி நிறைய. முதல் சீட்டு 1986, அவர் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் வந்தது. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. ஜூன், ஆகஸ்ட், ஜூலை... கொதிகலன் அணைந்திருக்கும் மாதங்கள்தான் பாதிக்கு மேல். எல்லாவற்றிலும் ஒரே புகார்: வாசல் மேடைக்குக் கீழே யாரோ இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள்.

ஒவ்வொரு புகாருக்கும் அடியில் பதில் எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்துதான்.

'குழாய். கோளாறு ஏதுமில்லை.'