ஆளில்லாத வீட்டுக்குச் சூடு

வீப்ரன் கஞ்சன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான், அடித்துச் சொல்வேன். வடக்குக் குளிர்ப் பிரதேசமான எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வெளியே கிளம்பினால் வீட்டுச் சூட்டைக் குறைப்போம், உள்ளே இருந்தால் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வோம். ஆளில்லாத வீட்டுக்குச் சூடு வைப்பவனை ஊரே வாயில் போட்டு மெல்லும்.

எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அவன். எங்கள் தெருவுக்கும் அவன்தான் பதித்தான். கிழக்கே போர் தொடங்கி எரிவாயு விலை எகிறியதும், முதல் ஆளாக இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்ததும் அவன்தான்.

"என் கையால போட்டத என் கையாலயே புடுங்கிட்டேன்யா" என்று சிரித்தான்.

நான் மாறவில்லை. விலைக்குப் பயந்து சமையலறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு கிடந்தேன்.

அந்த ஜனவரியில் அவன் மனைவி சீட்ஸ்காவுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவன் பகல் முழுக்க அங்கேதான் இருந்தான். வீட்டுச் சூட்டைப் பன்னிரண்டு டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போவான். இரவில் வந்தாலும் ஏற்றாமல் போர்வைக்குள் புகுந்துகொள்வான். கிழக்குக் காற்று வீசி வாய்க்கால்கள் உறைந்த வாரம் அது.

அவள் வீடு திரும்பவேண்டிய நாள் காலையில்தான் இருபதுக்கு ஏற்றினான். மதியம் என் கதவைத் தட்டினான். முகம் வெளுத்திருந்தது.

"கெர்பன், மெஷின் செத்துப்போச்சுய்யா. பதினாலத் தாண்ட மாட்டேங்குது. மூணு மணிக்கு அவ வந்துருவா!"

போய், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எரிவாயு மாதிரி அது சட்டென்று கொதிக்க வைக்காது, மெல்லத்தான் ஏற்றும். வாரம் முழுக்க விறைத்துக் கிடந்த சுவர்கள் வந்த சூட்டையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தன.

"எதுக்குய்யா அவ்ளோ எறக்குன?"

"ஆளில்லாத வீட்டுக்கு எவனாவது சூடு வைப்பானா? நீ வைப்பியா?"

நானும் வைக்க மாட்டேன்.

"அவள என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

"உன் வீடா? அங்க மேசை மேல வச்ச பாலே ஒரு வாரம் கெடாதே!"

என்னிடமிருந்த சின்ன மின்ஹீட்டரைக் கொண்டுவந்து மாட்டினோம். ஃபியூஸ் போய் பம்பும் சேர்ந்து நின்றது. அவன் அதைச் சரிசெய்து முடிக்கையில் மணி மூன்றாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. கூட வந்த நர்ஸ் முதலில் உள்ளே வந்து பார்த்தாள்.

"இந்தக் குளிர்லயா? அவங்க நுரையீரல் தாங்காதுங்க. திரும்பக் கூட்டிட்டுப் போறேன்."

கோட்டும் போர்வையுமாகச் சக்கர நாற்காலியில் இருந்த சீட்ஸ்கா வாசலிலிருந்தே அவனைப் பார்த்தாள்.

"நான் இல்லன்னா இந்த வீட்டுக்குச் சூடு கூட வேணாமா, வீப்ரன்?"

வண்டி அவளோடு திரும்பிப் போனது.

மறுநாள் மதியம் வீடு இருபதைத் தொட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன். காய்ச்சல் மறுபடி ஏறியிருக்கிறது, எப்போது அனுப்புவோம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பஸ்ஸுக்கு ஓடியவனைக் கேட்டேன். "சூட்டக் குறைச்சியா?"

"இல்ல. அவ வர்ற வரைக்கும் இருபதுதான்."

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மாலையில் உள்ளே போய்ப் பார்த்தேன். வீடு முழுக்க இதமாக இருந்தது. அவள் வருவாளா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.