செனாய்தா கோழிக்குச் சொன்ன கதை

வலது கால் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் செனாய்தா முதல் இலையைத் தொடுவாள். இடது காலில் செருப்பு அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்டால், "ஒரு காலு வேலைக்கு, ஒரு காலு வீட்டுக்கு ஓடறதுக்கு" என்பாள். முப்பத்தொரு வருடமாக இதே பதில். காம்பு நீக்கிய புகையிலையை உள்ளங்கையில் அடுக்கி, மடித்து, உருட்டி, மேலிலையைப் பிறைக்கத்தியால் ஒரே வீச்சில் நறுக்கிச் சுற்றி முடிக்கிறவரை அவள் கண் கையைப் பார்ப்பதே கிடையாது. பிறைக்கத்தி என்பது பிடியில்லாத, அரைவட்டமான இரும்புத் தகடு. அவரவர் கத்தி அவரவருக்கு. இரவல் கேட்டால், பல் துலக்குகிற பிரஷ்ஷைக் கேட்டதுபோல முறைப்பார்கள்.

பினார் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையின் அந்தக் கூடத்தில் அறுபது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். எதிரே ஒரு மேடை. அதில் ரெய்னேரியோ. அவருக்கு ஒரு சுருட்டுக்கூடச் சுற்ற வராது, வாசிப்பதுதான் அவர் உத்தியோகம். காலையில் செய்தித்தாள், சாப்பாட்டுக்குப் பிறகு நாவல். கரண்ட் போனால் மைக்கை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று வாசிப்பார். எந்த நாவல் என்பதை அறுபது பேரும் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். வாசித்தது பிடித்திருந்தால் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். புயல் வருகிறது என்று வானிலை அறிக்கையை வாசித்ததற்கே ஒருமுறை கத்திகள் விழுந்திருக்கின்றன. அதில் அந்த மனிதர் செய்த குற்றம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

மற்றவர்கள் கேட்பார்கள். செனாய்தா கேட்பதோடு நிற்க மாட்டாள், பதிலும் சொல்வாள். நாவலில் ஒருத்தி கடிதத்தைப் பிரிக்கப் போனால், "பிரிக்காதடி, அது உன் மாமியாக்காரி எழுதினது" என்று ஐந்தாவது வரிசையிலிருந்து சத்தம் வரும்.

"அக்கா, அவளுக்குக் காது கேக்காது. அவ செத்து நூறு வருஷம் ஆச்சு" என்பான் பக்கத்து மேசை ஓஸ்மெல்.

"செத்தவளுக்கா சொல்றேன்? உனக்குச் சொல்றேன்டா. எவ கடுதாசி குடுத்தாலும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பிரிக்கிற ஆளு நீ."

வீட்டிலும் அவளுக்கு நாவல்தான். மாலை ஆறு மணிக்குக் கறுப்பு மொச்சையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அன்றைக்குக் கேட்ட அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் உரக்கச் சொல்வாள். கேட்பது சீமாட்டி. சீமாட்டி என்பது ஒற்றைக் கண் கோழி. வில்லன் பேசும்போது கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள், காதலர்கள் பிரியும்போது மூக்கை உறிஞ்சுவாள். கோழிக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. இப்போது நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் புகையிலைப் பெட்டிகளைப் பிரித்து எடுத்த பலகை. இந்தப் பக்கம் செனாய்தா, அந்தப் பக்கம் இரண்டு வயது இளைய தங்கை மிர்தா. அப்பா செத்த மறுவாரம் மின்விசிறி யாருக்கு என்று பேச்சு ஆரம்பித்தது. செனாய்தா விசிறியை எடுத்துக்கொண்டாள். மிர்தா அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டாள். செனாய்தா மிர்தாவின் புருஷன் ஓடிப்போனதைப் பற்றி நாலு வார்த்தை விட்டாள். தடுப்பு ஏறிவிட்டது. விசிறி அடுத்த கோடையிலேயே எரிந்துபோயிற்று. பேச்சு நின்று ஒன்பது வருடம் ஆகிறது. அதில் ஏழு வருடம் இருவரும் ஒரே கூடத்தில், மூன்று வரிசை இடைவெளியில் உட்கார்ந்து, ஒரே நாவலைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுருட்டுச் சுற்றினார்கள். பிறகு மிர்தாவின் விரல்கள் வீங்கிக் கோணிக்கொண்டன. கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டோடு போய்விட்டாள். அவள் வேலையை விட்ட மறுநாள்தான் செனாய்தா கோழிக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்குத் தடுப்புக்கு அப்பால் ஒரு நாற்காலி இழுபடும். கதை முடிந்ததும் மறுபடி இழுபடும். இரண்டு வருடமாக இவ்வளவுதான் அக்கா தங்கை உறவு.

இந்த வருடம் உப்பு வியாபாரி எவரிஸ்தோ என்பவனின் கதையைச் சொல்லும் நாவல் வந்தது. எவரிஸ்தோ ஒரு துறைமுக ஊரில் கிடங்கு வைத்திருக்கிற ஆள். எடையில் கை வைப்பான், வேலைக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், பிச்சைக்காரர்கள் படியில் உட்காரக்கூடாது என்று படியில் உப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பான். தங்கை லெயோனோர் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, ஒரே ஒரு கதவு வைத்து, தாழ்ப்பாளைத் தன் பக்கம் போட்டுக்கொண்டான்.

சுவர் வந்த அத்தியாயத்தில் கூடமே செனாய்தாவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டது. அவளோ எல்லோரையும்விட உரக்கத் திட்டினாள். "இவனையெல்லாம் பெத்த வயித்துல பெரண்டையத்தான் வச்சுக் கட்டணும்!" மாலையில் கோழியிடம் அதையே இரண்டு பங்காகச் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை புயல் அத்தியாயம் வந்தது. லெயோனோரின் பக்கத்துக் கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. அவள் வந்து கதவைத் தட்டுகிறாள். எவரிஸ்தோ எழுந்து வருகிறான், தாழ்ப்பாளில் கை வைக்கிறான். வைத்தவன் அப்படியே நிற்கிறான். அவள் தட்டுகிறாளே தவிர 'எவரிஸ்தோ' என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், திறக்கலாம் என்று நிற்கிறான். தட்டுவது நிற்கிறது. விடிந்ததும் அவள் பிணத்தைக் கண்டு ஊர் வந்து கேட்கிறது. "காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்கிறான். தங்கையைப் புதைத்த மறுவாரம் அவள் பக்கத்தை உப்புக் கிடங்காக்கி விடுகிறான்.

முதலில் விழுந்தது செனாய்தாவின் கத்திதான். விழுந்த வேகத்தில் முனையில் ஒரு சில்லு பெயர்ந்தது. பிறகு மற்ற ஐம்பத்தொன்பதும் விழுந்தன. ரெய்னேரியோ புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அன்றைக்கே செனாய்தா ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு மேசை மேசையாகப் போனாள். நாவலைப் பாதியில் நிறுத்த வேண்டுமானால் பாதிப்பேருக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு வெள்ளிக்கிழமை ஓட்டு. நாற்பத்தொரு பேர் போட்டார்கள்.

மாலையில் மொச்சை கொதித்தது. ஆறு மணிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. செனாய்தா கதையைத் தொடங்கவில்லை. வெங்காயம் அரிந்தாள், அரிந்ததையே மறுபடி அரிந்தாள். கோழி சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பக்கம் ஒருமுறை இருமல் கேட்டது. மொச்சை வெந்து இறக்கியும் நாற்காலி திரும்பப் போகவில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை நாற்காலி வந்தது, சாதாரணமாக இருக்கிற நேரத்தைவிட வெகுநேரம் இருந்தது, பிறகு மெதுவாக, தரையில் தேயாமல் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி போனது. செனாய்தா சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டைக் கோழிக்குத் தள்ளிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை செய்தித்தாள் முடிந்ததும் ரெய்னேரியோ தாளைக் கையில் எடுத்தார். "எவரிஸ்தோ நாவலை நிறுத்தறதா வேணாமான்னு..."

"நிறுத்தக் கூடாது" என்றாள் செனாய்தா.

கூடம் திரும்பியது. ஓஸ்மெல்லுக்குச் சுருட்டு வாயிலிருந்து நழுவியது. "அக்கா, நீதானே வீடு வீடா ஓட்டுக் கேக்கறவனாட்டம் வந்து கையெழுத்து வாங்கின?"

"ஆமா, நான்தான் வாங்கினேன். இப்ப நான்தான் வேணாங்கறேன். உனக்கென்ன நோவுது?"

"காரணம் சொல்லணும்ல?"

"எங்க வீட்டுக் கோழி கதை கேட்டுக்கிட்டு இருக்கு. பாதியில நிறுத்தினா முட்டை வைக்காது."

சிரிப்பு எழுந்தது, சட்டென்று அடங்கியது. முன்வரிசையில், மிர்தாவோடு பல வருடம் ஒரே மேசையில் இருந்த கிழவர் ஒருவர், கத்தியை எடுத்துப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஓட்டு எடுத்தார்கள். நாவல் பிழைத்தது.

இடைவேளையில் ரெய்னேரியோ முற்றத்துக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கறேன் அக்கா, கோச்சுக்காதீங்க. இத்தன வருஷத்துல எத்தன நல்லவங்க சாவ வாசிச்சிருக்கேன். மூக்கச் சிந்துவீங்க, மறுநாள் மறந்துருவீங்க. இந்தப் படுபாவிய மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க?"

"நல்லவங்க செத்தா அது அவங்க தலையெழுத்து தம்பி. அழுதுட்டுச் சோறு திங்கலாம். இவன் அப்படியில்ல. இவன் தாழ்ப்பாள்ல கைய வச்சான். வைக்காம படுத்துக் கெடந்திருந்தான்னா, கழுதைன்னு தூக்கிப் போட்டுருப்பேன். கைய வச்சுக்கிட்டு, அவ பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னு நின்னான் பாரு..." சுருட்டுச் சாம்பலைத் தட்டினாள். "அப்படி நிக்கறது எப்படியிருக்கும்னு அந்த எழுதின ஆளுக்கு யாரு போய்ச் சொன்னா? அதான் எனக்குக் கோவம்."

"அப்ப அவன்மேல எரக்கந்தானா?"

"எரக்கமா? நேர்ல கண்டா செருப்பாலயே அடிப்பேன்."

ரெய்னேரியோ அவள் காலைப் பார்த்தார். "எந்தக் காலுச் செருப்பால அக்கா?"

"போய்யா, தொண்டையப் பாத்துக்க. மதியம் உரக்க வாசிக்கணும்."

அன்று மாலை அவள் மூன்று நாள் பாக்கியைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி வருமோ வராதோ என்று அடுப்பை மூட்டாமலே நின்றாள். வந்தது. கூரை பறந்ததைச் சொன்னாள், தட்டியதைச் சொன்னாள். தாழ்ப்பாள் வந்ததும் நிறுத்தினாள். திறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? கோழியா புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கப் போகிறது? அப்படிச் சொல்ல வாய் பாதி திறந்தும்விட்டது. ஆனால் கதையில் கலப்படம் செய்தால், பல வருடம் அதே கூடத்தில் கதை கேட்டுப் பழகிய அந்தப் பக்கத்துக்காரி கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். "தெறக்கல" என்றாள். "பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னு நின்னுக்கிட்டே இருந்தான், நாசமாப் போறவன். தெறக்கவே இல்ல." நாற்காலி மறுநாளும் வந்தது.

கடைசி அத்தியாயம் பத்து நாள் கழித்து வந்தது. எவரிஸ்தோ கிழவனாகிறான். உப்பு ஏறி ஏறிக் கதவின் ஆணிகள் துருப்பிடிக்கின்றன. அவன் திருந்துவான் என்று கூடம் காத்திருந்தது. சாகும்போது பாதிரியார் வந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். "காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்கிறான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. சிலர் பலகையைத் தட்டினார்கள், சிலர் கத்தியைப் போட்டார்கள். இப்படிக் கூடம் இரண்டாகப் பிரிந்து ரெய்னேரியோ பார்த்ததில்லை. செனாய்தா இரண்டும் செய்யவில்லை. சில்லு பெயர்ந்த கத்தியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மறுகால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டாள்.

வீட்டில் அடுப்பை மூட்டினாள். நாற்காலி இழுபட்டது. அவள் கதையைத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் சீமாட்டி எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு, திறந்திருந்த வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. இனி யாருக்குச் சொல்வதாகப் பெயர் பண்ணுவது? செனாய்தா ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். துருப்பிடித்த ஆணியைச் சொன்னாள். பாதிரியார் வந்ததைச் சொன்னாள். "காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னான். செத்துட்டான். கதை அவ்வளவுதான்."

மொச்சை அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ அலமாரி திறக்கிற சத்தம். துணி பிரிகிற சத்தம். பிறகு சிமெண்டுத் தரையில் 'ணங்' என்று ஓர் இரும்புத் தகடு விழுந்து, ஆடி, ஓய்ந்தது. செனாய்தாவுக்கு அது என்ன இரும்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கும்தாண்டி பிடிக்கல, மிர்தா" என்றாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து தன் கத்தியை எடுத்து, கையை நீட்டி, தடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், தரையில் போட்டாள்.