மேஸ்திரி சொன்னதும் நான் எழுதியதும்

அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக் காதைப் பட்டையோடு ஒட்டிவைத்து நிற்பார் மேஸ்திரி. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் தெருமரங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா, அவர் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. உள்ளே பொந்து விழுந்த மரத்தின் சத்தமே வேறு என்பார் அவர். மரத்தின் நிலையை அவர் சொல்லச் சொல்ல நான் கன்னடத்தில் அறிக்கை எழுதுவேன். கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார். கன்னடக்காரர்களே அசந்துபோகிற மாதிரி கன்னடம் பேசுவார். படிக்க மட்டும் தெரியாது.

ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு. அங்கிருந்து நடந்தே வேலைக்கு வருவார். வெட்டிப் போட்ட கிளைகளை விறகுக்கென்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் ஒரு சுள்ளியைக்கூட எடுத்ததில்லை. "இன்னைக்கு ஒடிஞ்ச கொம்ப எடுத்தா, நாளைக்கு எது ஒடியும்னு கண்ணு தேடும் சார்" என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் கேலி செய்வோம். அதில் என் குரல்தான் கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

அல்சூரில் புதிதாக எழும்பிய ஒரு கட்டடத்தின் முகப்பைத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று மறைத்தது. மரம் உளுத்துவிட்டது என்று மேஸ்திரி சொன்னால்தான் வெட்ட முடியும். "உளுத்துப்போச்சுன்னு எழுதிக்கிட்டு வா" என்றார் அதிகாரி. என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. மேஸ்திரி தட்டினார், கேட்டார், சுற்றி வந்து மறுபடியும் தட்டினார். "கல்லு மாதிரி இருக்குது சார். நம்ம பேரப்பசங்க காலம் வரைக்கும் நிக்கும். அப்படியே எழுதுங்க." நான் உளுத்துவிட்டது என்று எழுதினேன்.

என்றும் இல்லாமல் அன்று கேட்டார்: "பெரிய மரம் சார். ஒரு தபா படிச்சுக் காட்டுங்களேன்." தாளைப் பார்த்தபடியே, அவர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் தமிழில் திருப்பிச் சொன்னேன். என் குரல் நடுங்கவேயில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் தலையாட்டிவிட்டு, பேனாவை அழுத்திப் பிடித்து எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரமே மரத்தை வெட்டினார்கள். நாங்கள் இருவரும் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அடிமரத்தில் ஒரு பொத்தல்கூட இல்லை. மேஸ்திரி குனிந்து வெட்டுவாயின் ஈரத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"விடுங்க சார். நாம ரெண்டு பேரும் உள்ளதத்தான் எழுதிக் குடுத்தோம். மேல இருக்கறவங்க கேக்கல. நீங்க மனசு ஒடிஞ்சு போயிடாதீங்க."

"ஆமாம் மேஸ்திரி" என்றேன்.