கட்டிலுக்கடியில் ஓடிய கேமரா

எம். புதுப்பட்டியில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவோம். பிள்ளைகள் வேலை செய்வது ஜீப்பில் வரும் ஆபீசர் கண்ணில் பட்டால் வீட்டுக்கு வரும் வேலை நின்றுபோகும். அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு போட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. ஒளிவதற்கு என் இடம் கட்டிலுக்கடி.

அப்படிப்பட்ட ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு அக்கா வீடியோ கேமராவோடு வந்தார். கதையே இல்லாத படமாம். மனசுக்குள் இருக்கிற உலகத்தைப் பிள்ளைகளே எடுக்கணுமாம். ஆளுக்கொரு நாள் கேமரா வீட்டுக்கு வரும். டீச்சரும் சரி என்றுவிட்டார்.

அம்மா நம்பவில்லை. "எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீக?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்க. நானாத்தான் செய்றேன்."

அதைக் கேட்டதும் அம்மாவின் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. சும்மா யாராவது இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வருவார்களா? எனக்கும் அந்த அக்காவின் சிரிப்புப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது. "கொளாய், பசை, ஒன் கையி, எதுவும் இந்தப் படத்துல விளக்கூடாது. விளுந்துச்சுன்னா நம்ம பொளப்பு போச்சு" என்றாள் அம்மா. அதெல்லாம் போக எங்கள் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது? கோழியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஜீப் சத்தம். அம்மா வழக்கம்போல என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். என் கையில் கேமரா ஓடுவதை அவள் மறந்துவிட்டாள். எனக்கு நிறுத்தத் தெரியாது.

பள்ளிக்கூடத்துச் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். குழாய் வேலை கொடுக்கும் ஏஜென்ட்டும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தார்கள். என் படத்தில் கோழிக்குப் பிறகு ஒரே இருட்டு. கதவடியில் ஒரு கோடு வெளிச்சம். அம்மாவின் குதிகால். "மூச்சு விடாத" என்று அவள் குரல். அப்புறம் என் மூச்சு மட்டும், நிற்காமல்.

"கொளாய் ஒண்ணும் விளலக்கா, தப்பிச்சோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏஜென்ட் எழுந்து போனார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அங்கன அம்புட்டு இருட்டாவா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த தடவை ஜீப் வந்தபோது அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு அவளும் கட்டிலுக்கடியில் நுழைந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.